மொட்டை மாடிக் கேள்விகள்: மேற்கே நிற்பது வெள்ளியா, விமானமா?

சென்ற இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லும்போது, "மாலையில் மேற்கே பளிச்சென்று தெரிவது வெள்ளி" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதன் பலன், மேசை நிறைய கடிதங்கள். "இந்த முறை பகுதி முழுவதும் வானத்துக்கே" என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். என்னிடம் டெலஸ்கோப் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருடம் பள்ளியில் அறிவியல் எடுத்தவன். மேற்கு மாம்பலத்தில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றின் மொட்டை மாடி, ஒரு பழைய பைனாகுலர், ஒரு டப்பா சாக்பீஸ், இவைதான் என் சொத்து. இனி கடிதங்கள்.

பத்து நாளாக மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக்கு மேற்கே ஒரு வெளிச்சம் அசையாமல் நிற்கிறது. ட்ரோன் என்கிறான் மகன். வெள்ளி என்கிறார் மாமியார். இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. யார் சொல்வது சரி?
வாசகி, பெரம்பூர்

மாமியார் சொல்வதுதான் சரி. உங்கள் மகன் வருத்தப்பட வேண்டாம். வெள்ளியைப் பார்த்துக் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். சூரியன், நிலா இரண்டையும் விட்டால் வானத்தில் நிலையாகத் தெரிபவற்றில் அதைவிடப் பிரகாசமானது வேறு இல்லை. தன் மேல் விழும் சூரிய ஒளியில் ஏறக்குறைய முக்கால் பங்கை அதன் மேகப் போர்வை திருப்பி அனுப்பிவிடுகிறது.

பையனிடம் வாதம் செய்ய வேண்டாம். ஜன்னல் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, அந்த வெளிச்சம் ஜன்னலின் எந்தக் குறுக்குக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்று பார்க்கட்டும். பத்து நிமிடம் கழித்துத் தலையை அதே இடத்தில் வைத்து மறுபடி பார்த்தால், அது, கையை நீட்டிப் பிடித்த சுண்டுவிரலால் அளந்தால், இரண்டு விரல் அகலத்துக்குக் கீழே இறங்கியிருக்கும். நாளை அதே நேரத்தில் ஏறக்குறைய அதே கம்பிக்கு வந்து நிற்கும். எந்த ட்ரோனுக்கும் இந்த ஒழுக்கம் கிடையாது.

இந்த வருடம், 2026இல், செப்டம்பர் வரை அது மாலை வானத்தில்தான் இருக்கும். அக்டோபரில் சூரியனை நெருங்கி மறைந்து, நவம்பரில் விடியற்காலைக் கிழக்குக்குப் போய்விடும். மாமியாருக்கு இன்னொரு செய்தியும் வைத்திருக்கிறேன். 2018 மே மாதத்திலும் வெள்ளி இதே மேற்கில், இதே உயரத்தில்தான் நின்றது. 2034 மே மாதத்திலும் நிற்கும். பூமி சூரியனை எட்டு முறை சுற்றும் காலத்தில் வெள்ளி பதின்மூன்று முறை சுற்றிவிடுகிறது. அதனால் எட்டு வருடத்துக்கு ஒரு முறை அதே காட்சி, இரண்டொரு நாள் முன்பின்னாக, அப்படியே திரும்பி வரும்.

விமானத்துக்கும் கோளுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஏமாந்தவர் உண்டா?
வாசகர், குரோம்பேட்டை

உண்டு. பதில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஜனவரியில், பொங்கல் வாரத்தில், வியாழன் பூமிக்கு நெருக்கமாக, மாலையில் கிழக்கே ஏறிக்கொண்டிருந்தது. குடியிருப்பில் இருந்த குழந்தைகளையும் அவர்களை அழைத்து வந்த பெரியவர்களையும் சேர்த்துப் பதினான்கு பேரை மாடிக்கு ஏற்றிவிட்டேன். கிழக்கே தாழ்வாக ஒரு பொன்னிற வெளிச்சம். "அதோ வியாழன். இங்கிருந்து அறுபத்து மூன்று கோடி கிலோமீட்டர்" என்று கையை நீட்டினேன். எல்லோரும் பார்த்தார்கள். இரண்டு நிமிடம் நல்ல மரியாதை கிடைத்தது. பிறகு வியாழன் இரண்டாகப் பிரிந்தது, பக்கத்தில் சிவப்பும் பச்சையும் மின்னின, சக்கரங்களை இறக்கிக்கொண்டு மீனம்பாக்கம் பக்கம் போய்விட்டது. அசல் வியாழன் இன்னும் உயரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. இரண்டாவது மாடிச் சிறுவன் இன்றும் என்னைப் படிக்கட்டில் பார்த்தால், "தாத்தா, இன்றைக்கு வியாழன் எத்தனை மணிக்கு லேண்டிங்?" என்று கேட்கிறான்.

கடல் பக்கத்திலிருந்து இறங்கும் விமானம் நம்மை நோக்கி நேராக வரும்போது, அதன் முன்விளக்கு இரண்டு மூன்று நிமிடம் நகராதது போலவே தெரியும். ஆகையால் ஐந்து நிமிடம் பொறுத்து, அதன் பிறகு வாயைத் திறக்க வேண்டும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன்.

சத்தமில்லாமல், மின்னாமல், மேற்கிலிருந்து கிழக்கே ஒரு வெளிச்சம் நகர்ந்து, நடு வானத்தில் அணைந்தே போனது. பயமாக இருந்தது.
வாசகி, திருநின்றவூர்

சர்வதேச விண்வெளி நிலையமாக இருக்க வேண்டும். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் அணைந்தது போல் ஆகிவிடும். உள்ளே மனிதர்கள் இருக்கிறார்கள். அடுத்த முறை கையை ஆட்டுங்கள்.

நகர வெளிச்சத்தில் எங்களுக்கு நட்சத்திரமே தெரிவதில்லை. கோள்களைப் பார்க்க வால்பாறை, ஊட்டி என்று மலைக்குத்தான் போக வேண்டுமா?
வாசகர், கோயம்புத்தூர்

வேண்டாம். பால்வீதியைப் பார்க்க வேண்டுமென்றால் மலைக்குப் போங்கள். வெள்ளி, வியாழன், செவ்வாய், சனி நான்கும் காந்திபுரத்து வெளிச்சத்தையும் மீறித் தெரியும். முதன்முதலாகப் பார்க்கிறவருக்கு நகரமே நல்லது என்பேன். கிராமத்து வானத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகளில் எது சனி என்று தேடித் திணற வேண்டும். நகரத்தில் மங்கலானவை எல்லாம் கழிந்துபோய், பத்திருபது பிரகாசமான புள்ளிகள் மட்டுமே மிஞ்சுகின்றன. அவற்றில் கோள்களும் அடக்கம்.

நமக்கு இடைஞ்சல் வெளிச்சத்தால் வருவதைவிடக் கட்டடத்தால் வருவதுதான் அதிகம். எனக்கு மேற்கே ஐந்து மாடி ஒன்று எழும்பிவிட்டது. அதன் தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்து வீட்டுத் தென்னைக்கும் நடுவே எனக்கு மிஞ்சியிருக்கும் வானம் நாலு கைமுட்டி அகலம். கைமுட்டி என்றால் கையை முழுதாக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கும்போது முட்டி மறைக்கும் அகலம். அது சுமார் பத்துப் பாகை. சுண்டுவிரல் அகலம் ஒரு பாகை. பெரிய கைக்காரருக்குப் பெரும்பாலும் நீளமான புஜமும் இருப்பதால் இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் அதிகம் மாறாது.

இந்த நாலு முட்டிக்குள் எது, எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள நான் கையாண்ட வழியைச் சொல்கிறேன். தினமும் மாலையில் மாடியில் ஒரே இடத்தில் நிற்பேன். துணி காயப்போடும் கம்பியின் கால் இருக்கிறதே, அதை ஒட்டி. சூரியன் எந்த இடத்தில் மறைகிறதோ, அதற்கு நேராகக் கைப்பிடிச்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. வாரம் ஒரு முறை போதும். மார்ச் 21 வாக்கில் கோடு நேர் மேற்கே விழுந்தது. பிறகு வலப்பக்கமாக, வடக்கு நோக்கி, நகர்ந்துகொண்டே போய் ஜூன் 21இல் நின்றது. அங்கிருந்து திரும்பி, செப்டம்பரில் நேர் மேற்கைத் தாண்டி, டிசம்பர் 21 வாக்கில் இடப்பக்கக் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தது. சென்னையில் இந்த இரு கடைசிக்கும் இடையே ஐந்து முட்டிக்குக் கொஞ்சம் குறைவு.

இதில் ஒரு லாபம் இருக்கிறது. கோள்கள் எல்லாம் ஏறக்குறைய சூரியன் போகும் அதே பாதையில்தான் போகின்றன. ஆகவே சூரியன் மறையும் இடங்களை ஒரு வருடம் குறித்துவிட்டால், கோள்கள் மறையும் இடங்களும் தெரிந்துபோகும். வெள்ளியும் நிலாவும் சில சமயம் கடைசிக் கோட்டைக் கொஞ்சம் தாண்டும், மற்றபடி எல்லாம் அந்த ஐந்து முட்டிக்குள். இப்போது வியாழன் மிதுனத்தில் இருக்கிறது. ஜூலை நடுவில் சூரியன் இருக்கும் இடம் அது. எனவே வியாழன் என் சுவரில் "ஜூலை 14" என்று எழுதிய கோட்டை ஒட்டித்தான் மறையும். தென்னைக்கு இடப்பக்கம் ஒரு விரல். போய்ப் பார்த்தேன், அங்கேதான் மறைந்தது. அன்று இரவு சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

முதலில் போட்ட கோடுகள் இப்போது இல்லை. குடியிருப்புக்கு வண்ணம் அடிக்க வந்தவர்கள் இரண்டு வருடக் கணக்கை ஒரே மத்தியானத்தில் அழித்துவிட்டார்கள். கூட்டத்தில் முறையிட்டேன். "சுவரில் கிறுக்கியது நீங்கள்தானா?" என்று கேட்டார்கள். இப்போது கோடுகள் சுவரின் உட்பக்கத்தில், துவைக்கும் கல்லுக்குப் பின்னால் இருக்கின்றன.

கண் சிமிட்டினால் நட்சத்திரம், சிமிட்டாவிட்டால் கோள் என்று பள்ளியில் படித்தோம். நம்பலாமா?
வாசகர், மதுரை

உயரத்தில் இருக்கும்போது நம்பலாம். நட்சத்திரம் எவ்வளவு பெரியதானாலும் தூரத்தினால் வெறும் புள்ளி. காற்றில் ஒரு அசைவு வந்தால் அந்தப் புள்ளியின் ஒளி முழுவதும் அசையும். கோளுக்கு ஒரு சிறு வட்டம் இருக்கிறது. வட்டத்தின் ஒரு ஓரம் நடுங்கும்போது இன்னொரு ஓரம் நிலையாக இருப்பதால் மொத்தத்தில் அமைதியாகத் தெரியும்.

அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது இந்த விதியை நம்பினால் ஏமாறுவீர்கள். அங்கே நாம் அதிகமான காற்றுக்குள்ளே பார்க்கிறோம். கீழ்ப் படலத்தில் வெள்ளிகூட அடுப்பங்கரை விளக்குப் போல ஆடும். மதுரையில் மே மாதத்துத் தரைச் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இரண்டு முட்டி உயரத்துக்கு மேல் இருப்பதை மட்டும் சிமிட்டலை வைத்துத் தீர்மானியுங்கள்.

பேரனுக்கு டெலஸ்கோப் வாங்க ஆசை. "675 மடங்கு" என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா?
வாசகர், சேலம்

பெட்டியில் மடங்கைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பார்க்க வேண்டியது முன்கண்ணாடியின் குறுக்களவு. ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்குக்கு மேல் பிடித்து இழுத்தால் கலங்கல்தான் பெரிதாகும். 50 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு நூறு மடங்கே உச்சம்.

முதலில் ஒரு 10×50 பைனாகுலர் வாங்குங்கள். பத்து மடங்கு, 50 மில்லிமீட்டர் கண்ணாடி. பறவை பார்க்கவும் ஆகும், கிரிக்கெட்டுக்கும் ஆகும், பேரனுக்கு வானம் சலித்துப்போனாலும் பணம் வீணாகாது. ஆனால் கையில் பிடித்துப் பார்த்தால் வியாழன் தட்டாமாலை சுற்றும். நான் முழங்கைகளைத் தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொள்வேன். முதல் தடவை அப்படி ஊன்றியும் வியாழன் கிடுகிடுவென்று நடுங்கியது. கை நடுக்கம், வயதாகிவிட்டது என்று மனம் சோர்ந்துபோனேன். பிறகுதான் கீழே யாரோ மோட்டார் போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. தொட்டி நிறைந்து மோட்டார் நின்றதும் வியாழனும் நின்றது.

அப்போது கண்டதைச் சொல்கிறேன். நடுவில் பாலேடு நிறத்தில், ஊசித் தலை அளவுக்கு ஒரு சின்ன வட்டம். அதற்கு இடப்பக்கம் ஒட்டினாற்போல் ஒரு ஒளித்துகள், சற்றுத் தள்ளி இன்னொன்று. வலப்பக்கம் தூரத்தில் ஒன்று. மூன்றும் கோலத்துக்கு வைத்த புள்ளிகள் போல ஒரே நேர்கோட்டில். நாலாவதைக் காணோம், கோளுக்குப் பின்னாலோ முன்னாலோ போயிருக்க வேண்டும். மறுநாள் பார்த்தால் நாலு, வேறு வேறு இடங்களில். வியாழனைச் சுற்றும் நாலு பெரிய நிலாக்கள் அவை; அயோ, யூரோப்பா, கனிமீடு, கலிஸ்டோ என்று பெயர். உள்ளே இருக்கும் அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்றை முடித்துவிடும். 1610 ஜனவரியில் கலிலியோவும் முதலில் மூன்றைத்தான் கண்டார், சில நாள் கழித்தே நாலாவது கிடைத்தது. நோட்டுப் புத்தகத்தில் நடுவே ஒரு வட்டமும் பக்கங்களில் புள்ளிகளுமாகத் தினமும் பேரனை வரையச் சொல்லுங்கள். பத்து நாள் வரைந்தால் எது எதைச் சுற்றுகிறது என்று அவனே சொல்வான்.

சனியின் வளையத்துக்குப் பைனாகுலர் போதாது. குறைந்தது முப்பது மடங்கு வேண்டும். ஒரு எச்சரிக்கை: பகலில் பைனாகுலர் பேரன் கையில் இருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். சூரியனை ஒரு நொடி பார்த்தாலும் கண் போய்விடும்.

"வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிற்று" என்று திருப்பாவையில் ஆண்டாள் பாடுகிறாள். இது உண்மையில் கண்ட காட்சியா, கவிதைக்காகச் சொன்னதா?
வாசகி, ஸ்ரீரங்கம்

கவிதை என்று ஒதுக்கிவிட முடியாதபடி வானக் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. வெள்ளியின் பாதை நம் பாதைக்கு உள்ளே இருப்பதால், அது சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகவே விலகாது. அதாவது ஐந்து முட்டிக்குள்தான் ஓடியாடும். விடியலுக்கு முன்னால் தெரிந்தால் கிழக்கேதான் தெரியும், எழுந்துகொண்டுதான் இருக்கும். வியாழனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சூரியனுக்கு நேர் எதிரேயும் போய் நிற்கும். அப்படி நிற்கும் நாள்களில் சூரியன் எழும்போது வியாழன் மேற்கே மறையும். இரண்டையும் மாற்றிப் போட்டு, விடியற்காலையில் "வியாழன் எழுந்து வெள்ளி உறங்கிற்று" என்று எந்த ஊரிலும், எந்தக் காலத்திலும் பாட முடியாது. அதிகாலையில் எழுந்து வானத்தைப் பார்த்த பழக்கம் இருந்தவர்களுக்கே இந்த வரி வரும்.

ஆண்டாள் காலத்தைக் கணிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்த வரியைப் பிடித்துக்கொண்டதும் இதனால்தான். வியாழன் சூரியனுக்கு எதிரே வருவது வருடத்துக்கு ஒரு மாதம் தள்ளிப்போகும். எனவே அது மார்கழியில் நேர்வது சுமார் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அதே மார்கழியில் வெள்ளியும் விடிவெள்ளியாக அமைய வேண்டும். போன மார்கழியில் முதல் பாதி பலித்தது: ஜனவரி 10இல் வியாழன் சூரியனுக்கு எதிரே வந்து, விடியும்போது மேற்கே உறங்கப் போனது. ஆனால் வெள்ளி அந்த வாரம் சூரியனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. வரும் மார்கழியில் வெள்ளி கிழக்கே ஜம்மென்று எழும்; வியாழன் மேற்கே சாய்ந்திருக்குமே தவிர முழுதாக உறங்காது. திருப்பாவைக்கு எழுந்திருக்கும் பழக்கம் உங்களுக்கு இருக்குமே, ராஜகோபுரத்துப் பக்கம் போகும்போது இரண்டு திசையும் பார்த்துவிடுங்கள்.

ஆகஸ்டில் செவ்வாய் நிலா அளவுக்குப் பெரியதாகத் தெரியும் என்று குடும்பக் குழுவில் வந்திருக்கிறது. பரப்பலாமா?
வாசகர், திருநெல்வேலி

இருபது வருடத்துக்கு மேலாக ஆகஸ்ட் தோறும் வருகிற தகவல் அது. 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் 5.6 கோடி கிலோமீட்டருக்குள் வந்தது உண்மை. அன்றும் அதன் வட்டம் நிலாவின் குறுக்களவில் எழுபதில் ஒரு பங்குதான் இருந்தது. இந்த ஆகஸ்டில் செவ்வாயைப் பார்க்க விடியற்காலையில் எழ வேண்டும். தகவலை அனுப்பியவர் அவ்வளவு சீக்கிரம் எழுபவரா?

செவ்வாய்க்கு 26 மாதத்துக்கு ஒரு முறை நல்ல காலம் வரும். அடுத்தது 2027 பிப்ரவரி 19 வாக்கில். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் வியாழனும் எதிர்நிலைக்கு வருகிறது. பனி மூட்டம் விலகிய மாலைகளில் கிழக்கே ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்து ஏறும்.

வாழ்நாளில் ஒரு முறையாவது புதனைப் பார்க்க வேண்டும். வழி சொல்லுங்கள்.
வாசகர், நாகர்கோவில்

உங்கள் மேல் எனக்குப் பொறாமை. சென்னைக்காரனுக்குக் கடல் கிழக்கே. சூரியன் எழுவதற்கு வங்காள விரிகுடா முழுவதையும் கொடுத்துவிட்டு, மறைவதற்கு அடுக்குமாடிகளைக் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் முட்டம் கடற்கரைக்குப் போனால் மேற்கே தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. புதனுக்கு அதுதான் வேண்டும். அது சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. நம் ஊர்களில் சூரியன் மறைந்தால் மளமளவென்று இருட்டிவிடும், கோள்களும் செங்குத்தாக இறங்கும். ஐரோப்பாக்காரர்களைவிடப் புதன் நமக்கு எளிது.

ஜூன் 15 வாக்கில் அது சூரியனை விட்டு நன்றாக விலகி நிற்கிறது. சூரியன் மறைந்து முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் கழித்து, வெள்ளிக்கும் வியாழனுக்கும் கீழே, அவற்றிலிருந்து சூரியன் மறைந்த இடத்துக்கு ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோட்டை ஒட்டி இருக்கும். தென்மேற்குப் பருவமழை வழிவிட வேண்டும். விடாவிட்டால் அக்டோபர் 12 வாக்கில் மறுபடி வரும்.

திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச் 29 என்றார்கள். வாக்கியப்படி 2026 மார்ச் என்றார்கள். வானத்தைப் பார்த்தே எது சரி என்று சொல்லிவிட முடியாதா?
வாசகர், காரைக்கால்

சனி எங்கே இருக்கிறது என்பதை வானம் சொல்லும். அதில் திருக்கணிதம் இன்றைய வானியல் கணக்கை ஒட்டிப் போகிறது, வாக்கியம் பழைய சூத்திரங்களின் வழியே போகிறது. எல்லைக்கோடு மட்டும் வானத்தில் கிடையாது. கும்பம் முடிந்து மீனம் ஆரம்பிக்கும் இடத்தில் கல் நட்டு வைக்கவில்லை. சனி ஒரு வருடத்துக்குச் சுமார் பன்னிரண்டு பாகைதான் நகரும், ஒரு முட்டியும் இரண்டு விரலும். சூரியனைச் சுற்றிவர இருபத்தொன்பதரை வருடம். அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டரை வருடம் வருவது உங்களுக்கே தெரியும். கணக்கு என்ற அளவில் பெயர்ச்சி நிஜம். பலன் கேட்க வேண்டுமென்றால் அதற்கு இதே இதழில் வேறு பக்கம் இருக்கிறது. அதை எழுதுபவர் என்னைவிட அதிகக் கடிதம் வாங்குகிறார்.

சனியைக் கண்ணால் பார்க்க விரும்பினால் அக்டோபர் 4 வாக்கில், இருட்டியதும் கிழக்கே. மஞ்சள் பூத்த, சாந்தமான வெளிச்சம். அவ்வளவு பயப்பட ஒன்றும் இல்லை.

யுரேனஸ் தெரியுமா?
வாசகர், வேலூர்

நகரத்தில் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் ஊர்க்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். 1977 மார்ச் 10 அன்று ஒரு நட்சத்திரத்தின் முன்னால் யுரேனஸ் கடந்தபோது, அதற்கு வளையங்கள் இருப்பது தெரியவந்தது. அதைக் கவனித்த இடங்களில் ஒன்று உங்களுக்குப் பக்கத்தில், ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் ஆய்வகம்.

முக்கியமான நாளில் எல்லாம் மேகம் வந்துவிடுகிறது. 2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் ஒட்டி நின்றதைக்கூட நான் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி?
வாசகர், புதுச்சேரி

உங்கள் ஊரில் இதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று நடந்திருக்கிறது. லெ ஜான்டீ என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். 1761இல் வெள்ளி சூரியனின் முகத்தைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். அவர் வந்து சேர்வதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். கடலிலேயே நின்று பார்த்தார். ஆடுகிற கப்பலில் அளவு எடுக்க முடியவில்லை. அடுத்த கடப்பு எட்டு வருடம் கழித்து. சரி, இருந்து பார்த்துவிட்டே போவோம் என்று இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றிக்கொண்டிருந்து, புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததும் அங்கே வந்து ஆய்வகம் அமைத்துக் காத்திருந்தார். 1769 ஜூன். முந்தைய நாள்கள் எல்லாம் தெளிவு. அன்று விடியற்காலை மேகம் மூடியது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771இல் ஊர் திரும்பினால், இறந்துவிட்டார் என்று முடிவு கட்டி, அறிவியல் கழகத்தில் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள்.

நீங்கள் தவறவிட்டது 2080 மார்ச் வரை காத்திருந்தால் மறுபடி கிடைக்கும். அதுவரை ஜூன் 9ஐப் பாருங்கள். விவரம் கீழே.

நான் ஏழாம் வகுப்பு. ஜூன் 9 அன்று வெள்ளியும் வியாழனும் பக்கத்தில் வரும் என்று டீச்சர் சொன்னார். எங்கே நின்று பார்க்க வேண்டும்? எங்கள் வீடு கீழ்த்தளம்.
மாணவி, வியாசர்பாடி

அன்றைக்கு மட்டும் பார்க்காதே கண்ணு, இந்த இதழ் கையில் கிடைத்த நாளிலிருந்து பார். மேற்கே பளிச்சென்று இருப்பது வெள்ளி. அதற்கு மேலே, கொஞ்சம் மங்கலாக இருப்பது வியாழன். கையை நீட்டி, இரண்டுக்கும் நடுவே எத்தனை சுண்டுவிரல் கொள்ளும் என்று எண்ணி எழுதி வை. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரு விரல் குறையும். ஜூன் 9 அன்று ஒன்றரை விரல்தான் மிஞ்சும், மூன்று நிலாவை வரிசையாக வைத்த அகலம். வெள்ளி வலப்பக்கம் நிற்கும். இன்னும் வலப்பக்கம் பார்த்தால் மங்கலாக ஒரு ஜோடி தெரியும், அவை புனர்பூச நட்சத்திரங்கள். பத்தாம் தேதி முதல் வெள்ளி மேலே போய்விடும், வியாழன் கீழே இறங்கிக்கொண்டே போகும். ஜூன் 17 மாலை மெல்லிய பிறையும் வந்து சேர்ந்துகொள்ளும். அதையும் விடாதே.

சூரியன் சுமார் 6.35க்கு மறையும். ஏழு மணிக்கு நின்றால் போதும், எட்டரை வரைக்கும் இருக்கும். மேற்கே கட்டடம் மறைக்காத இடம் வேண்டும்: பள்ளி மைதானத்தின் கிழக்கு ஓரம், இல்லாவிட்டால் தெரிந்தவர் வீட்டு மொட்டை மாடி, பெரியவர் ஒருவர் துணையோடு. மேகம் இருந்தால் எட்டாம் தேதியும் பத்தாம் தேதியும் கிட்டத்தட்ட அதே காட்சிதான், அழ வேண்டாம்.

மாடிக்குப் போவதாக இருந்தால் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதல் நாளே கேட்டு வை. எங்கள் குடியிருப்பில் அது எப்போதும் ஊருக்குப் போனவரிடம்தான் இருக்கும்.